காத்திருக்கும் மூட்டு

சிங்காநல்லூர் குளத்துக்கு எதிரே இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மாலை நேரத்து வேடிக்கைகளில் ஒன்று ஈஸ்வரமூர்த்தியும் துளசிமணியும் வாக்கிங் கிளம்புவது. நடப்பது அல்ல, கிளம்புவது.

வீட்டிலிருந்து கேட் வரை எப்படியோ வந்துவிடுவார்கள். அங்கே ஒரு வண்டி உள்ளே நுழையும், அல்லது தெரிந்தவர் யாராவது நலம் விசாரிப்பார். இருவரும் நிற்பார்கள். நின்றால் முடிந்தது கதை.

"நடங்க."

"நீ நட புள்ள."

"நீங்க கிளம்புனாத்தான நான் வர முடியும்?"

"நானென்ன உன்ற காலைப் புடிச்சா வெச்சிருக்கறேன்?"

இரண்டு பேரின் உடம்பும் லேசாக முன்னால் சாயும். கால் மட்டும் நகராது. கடைசியில் கேட் செக்யூரிட்டி பொன்னுரங்கம் பூட்ஸ் காலைத் தரையில் ஓங்கி மிதித்து, "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார். பஸ்ஸில் கண்டக்டரும் கிடையாது, டிரைவரும் கிடையாது என்று ஆகிப்போன காலத்திலும் அவருக்கு அந்த வாசகம் எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் சத்தம் கேட்டதும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஈஸ்வரமூர்த்தி முன்னால், துளசிமணி ஓரடி பின்னால்.

வயதாகிவிட்டது, கொஞ்சம் தயக்கம், வேறென்ன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இருவருக்குமே முழங்காலில் பழகுமூட்டு இருந்தது. துளசிமணிக்கு வலது காலில் வைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அதற்கு அடுத்த ஆண்டே ஈஸ்வரமூர்த்திக்கு இடது காலில். தொடை எலும்பின் முனையில் ஓர் உலோகத் தொப்பி, கீழே கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு, நடுவில் ஒரு மெத்தை. பழைய காலத்து மூட்டுகளில் இந்த மெத்தை வெறும் பிளாஸ்டிக். பழகுமூட்டில் அது கற்றுக்கொள்ளும். முதல் ஒரு வருஷம், அந்த மனிதர் எப்படி நடக்கிறார் என்று கவனித்து, எங்கே இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று பழகும். வருஷம் முடிந்ததும் அந்தப் பழக்கம் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு அது அந்த மனிதரின் நடை. வாழ்நாள் முழுக்க.

விளம்பரத்தில் அப்படித்தான் சொன்னார்கள். உங்கள் நடை, உங்களுக்கே.

*

"உலோகம் நல்லா இருக்கு. எலும்பும் பரவாயில்லை" என்றார் டாக்டர் மகிழினி. "மெத்தைதான் தேஞ்சுபோச்சும்மா. அதிலிருந்து உதிர்ற தூள் எலும்பை அரிக்க ஆரம்பிச்சா, அப்புறம் மொத்த மூட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். இப்பவே மெத்தையை மட்டும் மாத்திட்டா சின்ன ஆபரேஷனோட போயிடும்."

"பேரிங் தேய்மானம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்கிற காது. "மாத்தித்தானுங்க ஆகணும். ஓட்டிட்டே இருந்தா ஷாஃப்ட் போயிரும்."

"அப்பா, அம்மா ஒண்ணும் மோட்டார் இல்லை" என்றாள் மகள் யாழ்விழி. சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். வீட்டிலும் எதிர்த்தரப்பு இல்லாமல் அவளால் பேச முடியாது.

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "அம்மா, அந்தக் கோட்டு மேல நில்லுங்க. நான் சொன்னதும் நடங்க. ம், நடங்க."

துளசிமணி நின்றாள்.

"நடங்கம்மா."

"நடக்கறேனுங்க." உடம்பு சாய்ந்தது. ஒரு கணம், இன்னொரு கணம். பிறகு கால் நகர்ந்தது.

"என்ன யோசனை?"

"யோசனையெல்லாம் இல்லீங்க. கால் கொஞ்சம் மெதுவா வருது. வயசாச்சில்லீங்களா?"

டாக்டர் அவளை மறுபடியும் கோட்டுக்குக் கூட்டிவந்து நிறுத்தினார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்று, தானே ஓர் அடி எடுத்து வைத்தார். செருப்பு தரையில் பட்ட அதே நொடியில் துளசிமணியின் கால் கிளம்பிவிட்டது. கயிறு கட்டி இழுத்த மாதிரி.

அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"நினைச்சேன்" என்றார் டாக்டர். உட்கார்ந்து, கைகளை மேஜை மேல் வைத்துக்கொண்டார். "இந்த மூட்டு வந்தப்ப யாரும் இதை எதிர்பார்க்கலை. இருபது வருஷம் ஆனவங்களைக் கூப்பிட்டுப் பார்க்கும்போதுதான் தெரியுது. மெத்தைக்குத் தரையோட அதிர்வு தெரியும். உங்க காலடி மட்டுமில்லை, பக்கத்துல விழற காலடியும் தெரியும். எது உங்களோடது, எது கூட நடக்கிறவங்களோடதுன்னு அதால பிரிக்க முடியலை. எல்லாத்தையும் சேர்த்துக் கத்துக்கிடுச்சு."

"அப்படீன்னா?"

"தினமும் கோயில் பிரகாரம் சுத்தினவங்க இருக்காங்க. அவங்களுக்கு நேர் ரோட்டிலயும் கால் வலப்பக்கமே இழுக்குது. அப்புறம் நம்ம ஊர்ப் பொம்பளைங்க…" டாக்டர் துளசிமணியின் முழங்காலைப் பார்த்தார். "நிறைய பேருக்கு இதே கதைதான். முன்னால ஒரு காலடி விழுந்தாத்தான் மூட்டு கிளம்பும். அதுவரைக்கும் காத்திருக்கும்."

யாழ்விழி மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாப்பா?"

"என்னத்தைக் கண்ணு?"

"அம்மாவோட காலுக்குள்ள நீங்க இருக்கீங்க. நீங்க நகராம அம்மாவால நகர முடியலை."

"நான் பின்னாடி வான்னு என்னைக்கும் சொன்னதில்லையே."

"சொல்ல வேண்டியதில்லை. நீங்க முன்னாடி போனாலே போதும்."

"யாழு, சும்மா இரு" என்றாள் துளசிமணி. ஆனால் வழக்கமாக அவள் குரலில் இருக்கும் அதட்டல் அன்று இல்லை. அவள் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ அறிமுகம் இல்லாதவரைப் பார்ப்பது போல.

டாக்டர் பேச்சைத் திருப்பினார். புது மெத்தையும் முதல் வருஷம் கற்றுக்கொள்ளும். பழைய நடையை அதற்குள் ஏற்ற முடியாது, ஏற்றவும் தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை. "அந்த ஒரு வருஷம் தனியா நடங்கம்மா. கூட யாரும் வேண்டாம். உங்க உடம்பு எப்படி நடக்க ஆசைப்படுதோ, அதை மட்டும் அது கத்துக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் வண்டி சிக்னலில் நின்றபோது ஈஸ்வரமூர்த்தி, "போயி மாத்திக்க. தனியாவே நட. இத்தனை வருஷம் உன்னை இழுத்துட்டுப் போனவன்தான நானு" என்றார். கிண்டலாகச் சொல்லப் பார்த்தார். வரவில்லை.

*

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரை விட்டு, கைத்தடியை விட்டு, துளசிமணி தனியாக நடக்க ஆரம்பித்தபோது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் கேட் அருகே பழக்கத்தில் நின்றாள். பொன்னுரங்கம் காலைத் தூக்கினார்.

"மிதிக்காதீங்க!" என்று கையைக் காட்டினாள். "டாக்டர் ஆர்டர்."

தானாகக் கிளம்பினாள். கால் சொன்ன பேச்சைக் கேட்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் வேகமாக நடக்கிறவள். எழுபத்திரண்டு வயதில் இது புதுச் செய்தி. குளக்கரையில் சின்ன வயதுக்காரர்கள் சிலரைக்கூட அவள் தாண்டினாள். எங்கே நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே நின்றாள். கூழைக்கடாக்கள் தண்ணீரில் இறங்கும்போது கால்களை முன்னால் நீட்டி, வழுக்கிக்கொண்டு வந்து உட்காருவதை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக மாலை நேரங்களில் அவள் பார்த்தது அவருடைய முதுகைத்தான். காலரில் பிரிந்திருக்கும் நூல், பின்தலையில் விரிந்துகொண்டே போன வழுக்கை, சட்டையில் இஸ்திரி சரியாகப் படாத இடம். அவ்வளவுதான் அவளுடைய குளக்கரை.

சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று சங்கடமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து கொய்யாக்காயை நறுக்கி அவர் முன்னால் வைக்கும்போது, கூழைக்கடாவைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பாள். சொல்ல மாட்டாள்.

அவர் கீழே வருவதை நிறுத்திவிட்டார். "முட்டி வலி" என்பார் ஒரு நாள். "வெயில்" என்பார் மறுநாள். ஹாலில் உட்கார்ந்து பழைய ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவார். பாத்ரூமுக்கு எழுந்தாலும் சுவரோரமாக, தொண்டையைக் கனைத்துக் கனைத்து, நேரம் எடுத்துக்கொண்டு போவார்.

"ஈகோம்மா" என்றாள் யாழ்விழி போனில். "ஆம்பளை ஈகோ. கொஞ்ச நாள் போகட்டும், விட்டுடுங்க."

துளசிமணியும் விட்டுவிட்டாள். அவளுக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது. டாக்டர் அறையில் மகள் சொன்னது பொய் என்று அவளால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை.

கார்த்திகை பிறந்த சமயம். அன்று நடையை முடித்துக்கொண்டு லிஃப்டை விட்டு வெளியே வந்தவள், நடைக்கூடத்தில் அவர் நிற்பதைப் பார்த்தாள். காலில் செருப்பு, கையில் பை. ஒரு கை சுவரில். முகம் லிஃப்டைப் பார்த்தபடி இருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

"பால் தீர்ந்துபோச்சு."

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இப்பத்தான் வந்தேன்."

எதிர்வீட்டுக் கதவு திறந்து அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அங்கிள் அப்பவே நின்னுட்டிருந்தாரு ஆன்ட்டி. உள்ள வந்து உக்காருங்கன்னேன், வேண்டாம்னுட்டாரு."

"காத்து வாங்கிட்டிருந்தேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நாலு பக்கமும் அடைச்ச நடைக்கூடத்துல என்ன காத்து?" துளசிமணிக்கு எரிச்சலாக வந்தது. "வாங்க உள்ள. பால் நான் வாங்கியாறேன்." அவரைத் தாண்டி, வீட்டுக் கதவைத் திறக்கப் போனாள். அவருக்குப் பின்னால் அவளுடைய செருப்பு தரையில் பட்டது.

ஈஸ்வரமூர்த்தி கிளம்பினார்.

தயக்கமில்லாமல், சுவரை விட்டுவிட்டு, நேராக லிஃப்டை நோக்கி. அவள் திகைத்து நின்றாள். அவரும் இரண்டு எட்டில் நின்றுவிட்டார். திரும்பவில்லை.

துளசிமணி ஒரு காலைத் தூக்கி, மெதுவாகத் தரையில் வைத்தாள். அவர் ஓரடி நகர்ந்தார். இன்னொரு அடி வைத்தாள். இன்னொரு அடி நகர்ந்தார்.

"ஏனுங்க" என்றாள். "உங்களுக்குமா?"

*

"ஐயாவோட மூட்டும் காத்திருக்கு" என்றார் டாக்டர் மகிழினி. "ஒரே மூட்டு, ஒரே கம்பெனி. நாமதான் கேட்டுப் பார்க்கலை. முன்னால போறவருக்கு இருக்காதுன்னு நினைச்சுட்டோம்."

"எதுக்காகக் காத்திருக்கு?" என்றாள் யாழ்விழி.

"அம்மாவோட காலடிக்கு."

"ஆனா அப்பா முன்னாடிதானே போவாரு?"

ஈஸ்வரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கம்மாவுக்கு ஆபரேஷன் ஆன புதுசு. குளக்கரையில நடக்கறோம். நான் எப்பவும் போல வேகமாப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா, இவ பதறி ஓடி வர்றா. என்ற முகத்தைப் பார்த்ததும் இன்னும் வேகம். தையல் பிரிஞ்சு ரத்தம் சேலையில தெரியுது. வலிக்குதான்னா இல்லீங்கறா. அன்னைக்கே முடிவு பண்ணினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தா ஓடி வருவா. காதுல மட்டும் வெச்சுக்கலாம். பின்னாடி அடி விழுந்தா நான் ஒண்ணு வைக்கறது, விழலைன்னா நிக்கறது. அடுத்த வருஷம் எனக்கு மூட்டு வெச்சாங்க. அது அதையே படிச்சுக்கிடுச்சு போல."

கேட் அருகே இருவரும் ஏன் சிக்கிக்கொண்டார்கள் என்று அப்போது துளசிமணிக்குப் புரிந்தது. அவருடைய அடிக்காக அவள். அவளுடைய அடிக்காக அவர். பொன்னுரங்கத்தின் பூட்ஸ் இல்லாவிட்டால் பல நாள் அங்கேயே இருட்டியிருக்கும்.

துளசிமணி பேசினாள்.

"எல்லாஞ் சரிங்க. காதுல வெச்சுட்டீங்க. எனக்கு அது எப்படித் தெரியும்? நான் பார்த்தது உங்க முதுகைத்தான. கால் ஆறின பின்னாடியாவது ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கலாமில்ல?"

"பார்த்திருக்கலாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இப்ப ஐயாவுக்கும் மாத்திடலாமா டாக்டர்?" என்றாள் யாழ்விழி.

டாக்டர் மறுப்பாகத் தலையசைத்தார். ஈஸ்வரமூர்த்தியின் மெத்தை தேயவில்லை. அதோடு இதயமும் பலவீனமாக இருந்தது. மயக்கமருந்து கொடுக்க இதய டாக்டர் சம்மதிக்க மாட்டார். "வேற வழி இருக்கு. அந்த மூட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு தெரியாது, காலடிதான் வேணும். அம்மா முதல்ல கிளம்பினா இவரு வந்துடுவாரு." துளசிமணியின் பக்கம் திரும்பினார். "ஆனா உங்க புது மெத்தை இன்னும் பழகிட்டிருக்கும்மா. இன்னும் சில மாசம் இருக்கு. இப்ப கூட நடந்தா, அது இவரையும் சேர்த்துக் கத்துக்கும். வருஷம் முடியற வரைக்கும் காத்திருந்தா நல்லது. அதுவரைக்கும் வேற யாராவது இவரோட நடக்கட்டும்."

"நான் வர்றேன்பா" என்றாள் யாழ்விழி உடனே. "சாயங்காலம் காலேஜ் முடிஞ்சதும்."

*

யாழ்விழி ஒரு வாரம் வந்தாள். அவளுடைய வேகத்துக்கு அவருடைய மூட்டு தடுமாறியது. அவள் நின்றால் நின்றது, போனில் பேசிக்கொண்டே ஓடினால் ஓடப் பார்த்தது. "உன்ற கூட நடக்கறதுக்கு டவுன் பஸ்ஸுல தொங்கிட்டுப் போலாம் கண்ணு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மாலை, செருப்பை மாட்டிக்கொண்டு துளசிமணி ஹாலில் நின்றாள்.

"எந்திரிங்க."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்ற காலு. நான் பார்த்துக்கறேன்."

"மறுபடியும் எம்பின்னாடி நிக்கப் பழகிரும்."

"போன தடவை தெரியாம பழகுச்சு. இந்தத் தடவை என்ன பழகணும்னு நான் சொல்லித் தர்றேன். எந்திரிங்கன்னா."

கேட் அருகே ஆளில்லா ஆட்டோ ஒன்று உள்ளே நுழைந்தது. இருவரும் நின்றார்கள். பொன்னுரங்கம் நாற்காலியிலிருந்து எழுந்து, காலைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

துளசிமணி முதல் அடியை வைத்தாள்.

பின்னால் ஒரு கணம் கழித்து இன்னோர் அடி விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"சும்மாதான். வர்றீங்களான்னு."

"வர்றேன், வர்றேன். முன்னாடி பார்த்து நட."

அவள் தன் வேகத்திலேயே நடந்தாள். கொஞ்ச தூரம் போய், கூழைக்கடாக்கள் இறங்கும் இடத்தில் நின்று, அவர் வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்ததும், அவை எப்படி வழுக்கிக்கொண்டு உட்காருகின்றன என்று காட்டினாள். இதைப் பார்க்காமலா இத்தனை வருஷம் நடந்தோம் என்று அவர் கேட்டார். நீங்க முன்னாடி போனவரு, உங்களைத்தான் கேக்கணும் என்றாள் அவள்.

*

வருஷம் முடியச் சில நாள் இருக்கையில் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மகிழினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அருமையா படிஞ்சிருக்கும்மா. காத்திருக்கிறது சுத்தமா இல்லை. நான் பயந்த மாதிரி எதுவும் ஆகலை." பிறகு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரே ஒரு விஷயம். முதல் அடி வெச்சதும் உடம்பு ஒரு தடவை இடதுபக்கமா பின்னால திரும்புது. இப்ப தனியா நடந்தப்பவும் திரும்புச்சு. வலி ஏதாவது இருக்கா?"

"வலியெல்லாம் இல்லீங்க."

டாக்டர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இன்னும் உறையலைம்மா. அதை மட்டும் அழிச்சிடலாம். உறைஞ்சுட்டா வாழ்நாள் முழுக்க இருக்கும். ஐயா கூட வராத நாள்லயும் திரும்பும்."

"தெரியுமுங்க" என்றாள் துளசிமணி. "இருக்கட்டும்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவை நோக்கி முதல் அடியை வைத்தாள்.